இருளாயிக்குப் பின்னால் வந்த ரோடு

கூரான்பொட்டலுக்கு ரோடு வந்தது ஒரு பங்குனி மாதத்தில், இருளாயி ரேஷன் அரிசி வாங்கப் போன அன்றைக்கு. எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். தலைவர் குமரையா தான் கொடுத்த மனுவால் வந்தது என்பார், பூசாரி தான் காளிக்கு நேர்ந்துகொண்டதால் வந்தது என்பார், டீக்கடைத் தங்கையா கிளாஸைக் கழுவிக்கொண்டிருப்பார். ஆனால் வந்தது வந்ததுதான். கறுப்பாக, வழவழவென்று, இரண்டு ஓரத்திலும் சரளைக்கல் பதித்து, ஒரு லாரி தாராளமாகப் போகிற அகலத்தில், சூடுகூட ஆறாமல் அது அவளுக்குப் பின்னால் கிடந்தது.

அதுவரை அந்த ஊருக்கு வழி என்று ஒன்று இருந்ததே தவிர ரோடு என்று ஒன்று இருந்ததில்லை. மெயின் ரோட்டிலிருந்து மேற்கே உவர்த்தரையைக் கடந்து, வறண்ட கண்மாய்க்கரை மேல் ஏறி இறங்கி, சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து வர வேண்டும். மழை பெய்தால் உவர்த்தரை முழங்கால் வரை ஆளை உள்ளே இழுக்கும், மழை பெய்யாவிட்டால் குடிக்கத் தண்ணீர் இருக்காது. தண்ணீர் லாரிக்காரன் வண்டியின் வில்பட்டை ஒடிந்துபோகும் என்று மெயின் ரோட்டிலேயே நின்றுகொள்வான், பெண்கள் குடத்தோடு அங்கே போக வேண்டும். பஸ்காரர்கள் ரோட்டைப் போடுங்கள் வருகிறோம் என்றார்கள், ரோடு போடுகிறவர்கள் பஸ் வராத ஊருக்கு எதற்கு ரோடு என்றார்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சில பேர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். சேராதவர்களில் தங்கையாவின் மூத்த மகளும் ஒருத்தி.

இருளாயி குடியிருந்தது ஊருக்கு மேற்கே, சுடுகாட்டையும் தாண்டி, முள்ளுக்காட்டின் ஓரத்தில். கரிமூட்டம் போடுவதுதான் அவள் பிழைப்பு. சீமைக்கருவேலத்தை வெட்டி, துண்டு போட்டு, கூம்பாக அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, அடியில் தீ வைத்துவிட்டால் நாள்கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே புகைந்து கரியாகும். பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். எங்காவது மண் வெடித்து ஓட்டை விழுந்தால் காற்று புகுந்து அத்தனையும் சாம்பலாகிவிடும். அதனால் கரிமூட்டத்தை எப்போதும் இரண்டு பேராகத்தான் போடுவார்கள், ஒருவர் தூங்க ஒருவர் விழித்திருக்க. இருளாயியோடு விழித்திருக்க வேண்டிய கருப்பையா, போர்வெல் போடுகிற லாரியில் வேலைக்கென்று வடக்கே போனவன், போனவன்தான். செத்தான் என்று சேதி வந்திருந்தால் அழுது முடித்திருப்பாள், எவளோடோ இருக்கிறான் என்று வந்திருந்தால் திட்டி முடித்திருப்பாள். சேதியே வரவில்லை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு வரிசையாக வரும்போது அவளுக்கு முன்னால் ஒரு கணம் தயங்கும், இவள் வாழ்கிறவளா தாலி அறுத்தவளா என்று தட்டைப் பிடித்தவளுக்கே குழம்பும், அப்புறம் தட்டு அடுத்தவளிடம் போய்விடும். இரண்டு மூன்று கல்யாணத்துக்குப் பிறகு அவளும் போவதை விட்டாள், அவர்களும் சொல்லிவிடுவதை விட்டார்கள். ஊரில் யாருக்கும் அவள்மேல் கோபம் கிடையாது. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ரேஷன் அரிசிக்குப் போன அன்றைக்கும் ஊருக்குள் ஒரு கல்யாணம். குழாய் ஸ்பீக்கரில் பாட்டு காட்டுக்குள் வரைக்கும் வந்தது, யார் வீட்டுக் கல்யாணம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பாட்டு வந்த திசையைப் பார்த்து நடந்தாள். சுடுகாட்டு வேம்பு வரை வந்ததும் முதுகுப் பக்கம் அனல் அடிக்கிறதே என்று திரும்பினாள், மூட்டம்தான் பற்றிக்கொண்டதோ என்ற பயத்தில். மூட்டம் ஒழுங்காகப் புகைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து அவள் குதிகால் வரைக்கும் தார் ரோடு கிடந்தது. இதை யார் கேட்டது என்று அவள் நினைத்தாள். ஒரு எட்டு எடுத்து வைத்தாள், அதுவும் ஒரு எட்டு வந்தது. சரி, வருவது வரட்டும், ரேஷன் கடை மூடிவிடுவான் என்று நடையைக் கட்டினாள்.

கல்யாணத்துக்கு வந்த கூட்டம் பந்தியிலிருந்து எழுந்து வந்து பார்த்தது. முதலில் ஊருக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, வருத்தம்தான். எத்தனை வருஷமாக ரோடு ரோடு என்று கத்தினோம், வந்த ரோடு போயும் போயும் ரேஷன் கடையிலிருந்து கரிமூட்டத்துக்கா வர வேண்டும், கிழக்கே மெயின் ரோட்டுக்குப் போயிருக்கக் கூடாதா என்று பொம்பளைகள் அங்கலாய்த்தார்கள். குமரையா மறுநாளே பெயிண்டரைக் கூட்டிவந்து நீல போர்டில் தன் பெயரைப் பெரிதாக எழுதி நட்டுவிட்டார். எங்கிருந்தோ ஒரு இன்ஜினியரும் வந்தார். குனிந்து தாரைக் கிள்ளிப் பார்த்தார், பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார், உதைத்தும் பெயரவில்லை என்றால் இது நிச்சயம் எங்கள் ஆட்கள் போட்டது இல்லை என்று சொல்லி ஒரு சர்பத் குடித்துவிட்டுப் போனார். ஆடுகள் தார்ச்சூட்டில் படுத்துப் பழகின. ஒரு வாரத்துக்குள் அந்த ரோடு எப்போதும் அங்கேயே கிடந்தது மாதிரி ஆகிவிட்டது.

அவள் நடந்தால் ரோடு வருகிறது என்பது தெரிந்ததும் மெயின் ரோடு வரை அவளை நடக்க வைத்துவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று மேளம் ஏற்பாடு செய்தார்கள், இருளாயிக்குப் புதுச் சேலை எடுத்தார்கள், கழுத்தில் சம்பங்கி மாலை போட்டார்கள். ஊரே அவளைச் சுற்றி நடந்தது. எந்த முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் அவள் எல்லா முகத்தையும் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் வந்த பெண்கள் மூட்டத்தில் கண் எரியாதா, ராத்திரி பயமாக இருக்காதா என்றெல்லாம் கேட்டார்கள், அவளும் ஒன்று விடாமல் பதில் சொன்னாள், அத்தனை பேச்சு அவள் வாயிலிருந்து வந்து வருஷக்கணக்காகியிருந்தது. கண்மாய்க்கரை வரை போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் வெறும் புழுதி. தாரும் இல்லை, சரளையும் இல்லை. மேளக்காரன் அடிப்பதை நிறுத்தினான். யாரோ சலித்துக்கொண்டார்கள், யாரோ அடுப்பில் உலை இருக்கிறது என்றார்கள், வெயிலும் ஏறிவிட்டது. ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். மாலையும் கழுத்துமாக இருளாயி கண்மாய்க்கரையில் நின்றாள், தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்கு விளங்கவில்லை. கூட்டம் கண்ணுக்கு மறைந்த பிறகு அவளும் ஊரைப் பார்த்து நடந்தாள்.

தங்கையா அன்று காலில் தைத்த முள்ளை எடுப்பதற்காகக் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தார். அவள் தன்னைக் கவனிக்காமல் கடந்து போவதைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பாய் விரிக்கிற மாதிரி ரோடு விரிந்துகொண்டே போவதையும் பார்த்தார். முள் எடுத்த காலை மண்ணில் ஊன்றவும் மறந்து உட்கார்ந்திருந்தார். அவர் யோசிக்கத் தெரிந்த மனுஷர். காட்டுக்குள் விறகு வெட்டப் போகும்போது அவளுக்குப் பின்னால் ரோடு வருவதில்லை, அங்கே அவள் தனியாள் என்று அவளுக்கே தோன்றுவதில்லை. மனுஷர்கள் இருக்கிற பக்கம் பார்த்து நடக்க வேண்டும், பக்கத்தில் ஒருத்தரும் இருக்கக் கூடாது, அப்போதுதான் வரும். இதை அவர் ராத்திரி முழுக்க மனதில் வைத்திருந்து காலையில் கடையில் சொன்னார். சொன்னதற்காகப் பின்னால் ரொம்ப வருத்தப்பட்டார் என்று சொல்வார்கள், ஆனால் அன்றைக்கு அவருக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் கட்டிலில் போன மூத்த மகளும் மாசமாக இருக்கிற இளைய மகள் வளர்மதியும்தான்.

கூட்டம் கூடிக் கட்டுப்பாடு போட்டார்கள். ரோடு மெயின் ரோட்டைத் தொடுகிற வரை யாரும் இருளாயியோடு நடக்கக் கூடாது, பேசக் கூடாது, அவள் குடிசைப் பக்கம் போகக் கூடாது. அவள் எதிரே வந்தால் தெருவை விட்டு விலகிவிட வேண்டும், மரியாதையாகத்தான், மூஞ்சியைச் சுளிக்காமல் விலக வேண்டும். அவளுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது, முறை வைத்து வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் கொண்டுபோய் சுடுகாட்டு வேம்படிக் கல்லில் வைத்துவிட வேண்டும், வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். குமரையாவே சுடுகாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவளுக்கு இதைச் சத்தமாகச் சொன்னார்.

“ரோடு முடியட்டும்த்தா. முடிஞ்ச அன்னைக்கு உன்னைய நடுவுல உக்கார வச்சு ஊரே சாப்பிடும். அதுக்கப்புறம் உன்னையத் தனியா விட்டா என்னன்னு கேளு. ஊருக்குள்ளயே வீடு, நாலு பக்கமும் ஆளு.”

இருளாயி அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதே இல்லை. கல்லில் இருக்கும் சோற்றை எடுத்துத் தின்றாள், எந்த வீட்டுக் குழம்பு என்று ருசியை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தாள், இது புளி கூட, அது தேங்காய் அரைத்தது, யாரென்றுதான் தெரியவில்லை. முன்னேயும் ஊரில் யாரும் அவளோடு பேசியதில்லைதான், ஆனால் அப்போது மறந்துபோய்ப் பேசாமல் இருந்தார்கள், இப்போது ஞாபகம் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். இரண்டும் ஒன்றில்லை என்று அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது. ரேஷன் கடைக்காரன் அரிசியை அளந்து பலகைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். குழந்தைகள் அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. வேம்படிக் கல்லில் சட்டியை வைக்கும் வளர்மதி மட்டும் போகும்போது ஒருமுறை இருமிவிட்டுப் போவாள், பேச்சில் சேராது, கட்டுப்பாட்டை மீறியதாகவும் ஆகாது. அந்த இருமலுக்காக இருளாயி அவள் முறை வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்தாள்.

ரோடு நன்றாகவே வந்தது. கண்மாய்க்கரையிலிருந்து கிழக்கே, மெயின் ரோட்டில் பஸ்களின் ஜன்னலில் தெரியும் தலைகளைப் பார்த்து அவள் நடப்பாள், பின்னால் ரோடு வரும். ஒருநாள் கூப்பிடு தூரம் வரும், ஒருநாள் நாலு ஆடு படுக்கிற நீளம்தான் வரும், நின்ற இடத்தில் மறுநாள் ஆரம்பிக்க வேண்டும். அவள் நடக்கும் நாளில் ஊர்ஜனம் கண்மாய்க்கரை மேல் வரிசையாக நின்று பார்க்கும், தூரத்திலிருந்துதான். நல்லதங்காள் கோயில் திருவிழாவுக்குக்கூட அத்தனை பேர் சேர்ந்ததில்லை. உவர்த்தரையில் பாதி தூரம் ரோடு போனதும் தண்ணீர் லாரிக்காரன் மீதிப் பாதியைத் தத்தளித்துக் கடந்து ரோட்டில் ஏறி ஊருக்குள்ளேயே வந்துவிட்டான். முதல் குடத்தைப் பிடித்தவள் அதைக் காளி கோயிலில் ஊற்றினாள். பால்காரன் சைக்கிளை விட்டு மொபெட்டுக்கு மாறினான், ஆறாவது படிக்க வேண்டிய பெண்பிள்ளைகளுக்கு வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதிப் போட்டார்கள். குமரையா போர்டைப் பிடுங்கி கிழக்கே தள்ளி நட்டுக்கொண்டே போனார்.

அந்தச் சமயத்தில்தான் சவேரியம்மாள் வந்து சேர்ந்தாள். கடற்கரைக்காரி, மாதாகரைப் பக்கம், முங்கிப் பாசி எடுக்கிற வேலை. முழங்கால் இரண்டும் தண்ணீருக்குள் நின்று நின்று இற்றுப்போனதால் கரைவேலை ஏதாவது கிடைக்குமா என்று முள்ளுக்காட்டு வழியாக மேற்கே வந்தவள், புகையைப் பார்த்துக் குடிசைக்கு வந்து தண்ணீர் கேட்டாள். கட்டுப்பாடு பற்றி அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு மூட்டத்தைச் சுற்றி வந்தாள், இதை எப்படி ஒருத்தியாகப் பார்த்துக்கொள்கிறாய், தூக்கம் எப்போது என்று கேட்டாள். விட்டு விட்டுத் தூங்குவேன் என்றாள் இருளாயி. சொல்லும்போது குரல் கரகரத்தது, பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

“எங்கிட்டச் சொல்லு, எப்பிடி ஓட்டைய அடைக்கணும்னு. நான் முழிச்சிருக்கேன், நீ படு பிள்ள,” என்றாள் சவேரியம்மாள்.

சொல்லிக் கொடுத்துவிட்டு இருளாயி படுத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள். வெளியே ஆள் நடக்கிற சத்தம், ஈரமண்ணை அப்புகிற சத்தம், முழங்காலைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்து எழுகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். கருப்பையா போன பிறகு முதல்முறையாக விடிந்து, வெயில் ஏறி, உச்சிக்கு வரும்வரை தூங்கினாள். எழுந்தபோது தான் எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை, அப்புறம் அழுகை வந்தது. அது துக்கம் இல்லை, உடம்பு அத்தனை காலமும் முறுக்கி வைத்திருந்ததை விட்டுவிட்டது. சவேரியம்மாள் கேப்பைக்கூழை நீட்டினாள்.

வேலை தேடி வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். ஒருத்தி தூங்கினாள், ஒருத்தி விழித்தாள், இரண்டு பேருமே விழித்திருக்கிற நேரங்களில் பேசினார்கள். சவேரியம்மாளின் பேச்சு கடலைச் சுற்றியே வரும், எந்த மாசத்தில் எந்தப் பாசி, எந்தப் பாறையில் கால் கிழியும், மகன்கள் வீட்டைப் பிரித்தபோது தனக்கென்று ஒரு மூலைகூட மிஞ்சவில்லை என்பதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். இருளாயி கேட்டுக்கொண்டே இருப்பாள். வேம்படிக் கல்லில் சோறு வைக்கப்பட்டபடி இருந்தது, இரண்டு பேரும் பகிர்ந்து தின்றார்கள்.

அடுத்த முறை கண்மாய்க்கரை தாண்டி உவர்த்தரையில் நடந்தபோது இருளாயிக்குப் பின்னால் ரோடு வரவில்லை. தனியாகத்தான் நடந்தாள், சவேரியம்மாள் மூட்டத்தோடு குடிசையில் இருந்தாள். இருந்தும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் உவர்த்தரையில் அவள் காலடித் தடம் மட்டும் இருந்தது. கரைமேல் ஊர் அசையாமல் நின்றது. மறுநாளும் நடந்தாள், அதற்கு மறுநாளும் நடந்தாள், ஒரு முழம்கூட வரவில்லை. நடக்கும்போது அவள் மனம் பூரா வீட்டில் சவேரியக்கா கருவாட்டை எரித்துவிடுவாளோ என்பதில்தான் இருந்தது. உள்ளபடி சொன்னால் ரோடு வராததில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அதை வெளியே காட்டவில்லை.

தங்கையாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. வேம்படிக் கல்லில் வைத்த சட்டிகள் வழித்துத் துடைத்தாற்போல் காலியாகத் திரும்புவதைப் பார்த்து, அங்கே இரண்டு வாய் சாப்பிடுகிறது என்று கண்டுபிடித்தார். அன்று சாயங்காலமே ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் கிளம்பி அந்த ரோட்டிலேயே நடந்து முதல்முறையாக இருளாயி குடிசைக்கு வந்தார்கள். வாசலில் நின்றுகொண்டு சவேரியம்மாளிடம் மட்டும் பேசினார்கள், இருளாயி பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏனென்றால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதானே. விஷயத்தை முழுசாகச் சொன்னார்கள். சவேரியம்மாள் இடுப்பில் கை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். ரோடு வேண்டுமென்றால் நீங்கள் இத்தனை ஆம்பளைகள் இருக்கிறீர்களே, மண்ணை வெட்டிப் போட்டால் என்ன என்றாள். வெட்டிப் போட்டோம், மூன்று மழைக்கு மூன்று முறை உவரு விழுங்கிவிட்டது என்றார் குமரையா. அது நிஜம்தான்.

இருளாயி அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, நான் இங்கதான் நிக்கிறேன். என்னையப் பாத்துச் சொல்லுங்க,” என்றாள்.

தங்கையாவின் தோள் லேசாகத் திரும்பியது. அப்புறம் நின்றுவிட்டது. அவர் சவேரியம்மாளைப் பார்த்தே சொன்னார்.

“எம்புள்ள வளர்மதிக்கு இந்த மாசம். மூத்தவளக் கட்டில்ல தூக்கிட்டுப் போனோம், உவர்த்தரையில கால் பொதஞ்சு நின்னுட்டோம். மெயின் ரோட்டுல லைட்டப் போட்டுட்டு ஆம்புலன்ஸு நிக்குது, கண்ணுக்குத் தெரியுது. போக முடியல. அவ எங்கையிலதான் போனா.”

சவேரியம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வந்தவர்கள் போனார்கள். அன்று இரண்டு பேரும் வழக்கம்போலச் சமைத்தார்கள், வழக்கம்போல மூட்டத்தைச் சுற்றி வந்தார்கள், இந்த ஊருக்கு என்ன அடம் பாரேன் என்று சவேரியம்மாள் சொல்லிச் சிரித்தாள். நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இருளாயி படுத்தாள்.

காலையில் எழுந்தபோது சத்தம் இல்லை. மூட்டம் ஒரு வெடிப்பு இல்லாமல் மெழுகிக் கிடந்தது, ஈரம் காயவில்லை, சற்று முன்னால்தான் பூசியிருக்க வேண்டும். கூழ் மூடி வைத்திருந்தது. ஆள் இல்லை. இருளாயி முள்ளுக்காட்டைப் பார்த்து அக்கா என்று கூப்பிட்டாள், இன்னொரு முறை கூப்பிட்டாள். சவேரியம்மாள் ஏன் போனாள் என்பது அவளுக்கு விளங்கியது, வளர்மதிக்காகப் போயிருக்கிறாள், ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காக விட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அவளுக்குக் கோபம் வந்தது. என்னைக் கேட்டிருக்கலாமே, நானே விட்டுக் கொடுத்திருப்பேனே, தூங்க வைத்துவிட்டுப் போக வேண்டுமா என்று நெஞ்சு வலிக்கக் கோபம் வந்தது. தெரியாத ஒன்று இல்லாமல் இருப்பது ஒரு மாதிரி, தெரிந்துகொண்ட பிறகு இல்லாமல் போவது இன்னொரு மாதிரி. அத்தனை வருஷமும் அந்தக் குடிசை இவ்வளவு காலியாக இருந்ததில்லை.

கூழைக் குடிக்காமல் எழுந்து நடந்தாள். கண்மாய்க்கரையில் ஊர் ஏற்கெனவே கூடி நின்றது, அவள் வருவதைப் பார்த்ததும் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. வளர்மதி வலியெடுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் இருமினாள். இருளாயி நிற்கவில்லை. ரோடு நின்றிருந்த இடத்தில் இறங்கி உவர்த்தரையில் கால் வைத்தாள், வைத்ததும் பின்னால் வந்தது. இதுவரை வந்ததுபோல் இல்லை, இரண்டு லாரி ஒன்றை ஒன்று தாண்டிப் போகிற அகலத்தில், நடுவே வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு, ஓரங்களில் வெள்ளையடித்த கல் முளைத்துக்கொண்டு, அவள் நடைக்கு ஈடுகொடுக்கப் பின்னால் ஓடி வந்தது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் அதுவாகவே பாலம் கட்டிக்கொண்டது. அவள் அழுதுகொண்டே நடந்தாள், அழுகிறாள் என்று கரைமேல் இருந்தவர்களுக்குத் தெரியாது, முதுகுதானே தெரியும். மெயின் ரோட்டின் விளிம்பில் கால் வைத்தபோது பின்னால் வந்த ரோடு அதோடு ஒட்டிக்கொண்டது.

வேட்டுப் போட்டார்கள், மேளம் அடித்தார்கள். கையில் தயாராக செல்போனை வைத்திருந்த தங்கையா ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அது மெயின் ரோட்டில் வந்து, இருளாயியைச் சுற்றி வளைந்து, புது ரோட்டில் திரும்பிக் கண்மாய்க்கரை வரை ஒரே ஓட்டமாகப் போய், வளர்மதியை ஏற்றிக்கொண்டு திரும்பியது. இருளாயியைக் கடக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை ஆடியது. இருளாயியும் கையை ஆட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று நினைத்தபோது மனம் கொஞ்சம் ஆறியது.

அப்புறம் அவள் காத்திருந்தாள். ரோடு முடிந்துவிட்டது, இனி வருவார்கள். கரைமேல் நிற்கிற கூட்டத்தில் யார் முதலில் இறங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். கூட்டம் இறங்கியது, பாதி தூரம் வந்தது, வந்து நின்றுவிட்டது. அங்கிருந்தே குமரையா குழாய் ஸ்பீக்கரை வாயில் வைத்தார்.

“இருளாயி, ரொம்ப நல்லாருக்குத்தா. அப்படியே திரும்பி, நாங்க விலகிக்கிறோம், பள்ளிக்கூடத்துப் பக்கமா ஒரு நடை போட்ரு. அப்புறம் கீழத்தெரு ஒண்ணு பாக்கி. அது முடியட்டும், ஊரே உன்கூடப் பேசும்.”

கூட்டம் நல்லபடியாக, மரியாதையாக, ரோட்டின் இரண்டு ஓரத்துக்கும் விலகி நின்றது. நடுவில் அவள் ஒருத்தி நடக்கிற அளவுக்கு வழி இருந்தது. இருளாயி அந்த வழியைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு அடுத்து கீழத்தெரு, கீழத்தெருவுக்கு அடுத்து களத்துமேடு, ஊரில் ரோடு இல்லாத இடத்துக்கா பஞ்சம். ஒரு பஸ் போகிறவரை நின்று, மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்து, கிழக்கே முள்ளுக்காட்டுக்குள் இறங்கினாள். அந்தப் பக்கம் ஊர் கிடையாது, சவேரியக்கா வந்த கடல்தான். மெயின் ரோட்டைத் தாண்டி ரோடும் அவள் பின்னால் இறங்கியது.

“ஐயோ, நம்ம ரோடு போகுதே,” என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தியது அவள் காதில் விழுந்தது. இருளாயி போகிறாள் என்று யாரும் கத்தவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது, உடைமர நிழல்களை மிதித்துக்கொண்டு, காற்றில் உப்பு வாசம் வருகிற பக்கமாக நடந்தாள். பின்னால் அனல் வந்துகொண்டே இருந்தது. நடக்க நடக்க கோபம் தீர்ந்து பயம் வந்தது, அக்கா பஸ் ஏறிப் போயிருந்தால், மாதாகரை எந்தத் திக்கில் என்றுகூடத் தனக்குத் தெரியாதே என்று. ஒரு பனைக்கூட்டத்தைத் தாண்டியதும் மணல் ஆரம்பித்தது. அங்கே ஒரு உடைமரத்தடியில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் சவேரியம்மாள்.

“மூட்டத்த விட்டுட்டா வந்த? எரிஞ்சு போகுமே பிள்ள,” என்றாள்.

“எரியட்டும்க்கா. எந்திரிங்க.”

சவேரியம்மாள் கையை நீட்டினாள், இருளாயி பிடித்துத் தூக்கிவிட்டாள். சொல்லாமல் வந்ததற்கு ஒருத்தி மன்னிப்புக் கேட்கவும் இல்லை, இன்னொருத்தி திட்டவும் இல்லை, கடற்கரையில் பாசி காயப்போட ஆள் தேடுகிறார்கள், குனியாமல் செய்கிற வேலை, இரண்டு பேருக்கும் கிடைக்கும் என்று சவேரியம்மாள் ஆரம்பித்துவிட்டாள். பேசிக்கொண்டே நடந்தார்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் முதுகில் அனல் அடிக்கவில்லை என்பது இருளாயிக்கு உறைத்தது. அதே நேரம் பின்னால் மொபெட் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் திரும்பினார்கள். ரோடு உடைமரம் வரை வந்து, கத்தியால் அறுத்த மாதிரி நின்றிருந்தது. அதன் விளிம்பில் தங்கையா மொபெட்டில் ஒரு காலை ஊன்றி நின்றார், முன்சக்கரம் மணலில் இறங்கியிருந்தது. அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. அவர் மணலில் கிடந்த இரண்டு ஜோடிக் காலடியைப் பார்த்தார், அப்புறம் இருளாயியைப் பார்த்தார். நேராக முகத்தைப் பார்த்தார், கட்டுப்பாடு போட்ட பிறகு முதல்முறையாக.

“இருளாயி, கொஞ்சம் தனியா வர்றியாத்தா,” என்றார். கெஞ்சுகிற குரல்தான்.

“நீங்க வாங்கண்ணே. இறங்கி நடந்து வாங்க, பேசுவோம்,” என்றாள் இருளாயி.

தங்கையா தார் முடிகிற விளிம்பைப் பார்த்தார். அவர் கால் அதன்மேல் இருந்தது. மொபெட் உறுமிக்கொண்டே இருந்தது, அதை அவர் அணைக்கவில்லை. இருளாயி நின்றாள், ஒருவர் மனசு மாறி இறங்கி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிஜமாகவே காத்து நின்றாள். அவர் இறங்கினால் பக்கத்தில் இடம் விடலாம் என்று கொஞ்சம் ஒதுங்கியும் நின்றாள். அவர் முன்சக்கரத்தை மணலிலிருந்து பின்னால் இழுத்து, வண்டியைத் திருப்பி, அகலமான அந்தப் புது ரோட்டில் ஊரைப் பார்த்துப் போனார். அவ்வளவு பெரிய ரோட்டில் அவர் ஒருத்தர்தான் போய்க்கொண்டிருந்தார்.

இருளாயி சவேரியம்மாளின் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள், மணலில் கால் புதையப் புதைய இரண்டு பேரும் நடந்தார்கள்.